வாசகர் கேள்வி பதில்: உடன்படிக்கை கிடக்கட்டும், விரிவுரையாளர் வந்தாரா?

உயர்தர வெட்டுப்புள்ளி வெளியானதும் வழக்கம்போலக் கடிதங்கள் குவிந்துவிட்டன, அதில் பெரும்பாலானவை எஞ்சினியரிங் பற்றியவை. அதனால் காணித் தகராறு, கலியாணப் பொருத்தம், மாமியார் பிரச்சினை எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை பொறியியல் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. மொறட்டுவை கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் வந்திருக்கிறது, அதுவும் பீடம் இருப்பது கிளிநொச்சியில். "அங்க போய் என்ன படிக்கப் போறான், இங்கேயே ஒரு பிரைவேட் டிகிரி செய்யட்டும்" என்று சொந்தபந்தம் எல்லாம் சொல்லுது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

அனுப்புங்கள் அம்மா. "அங்க என்ன இருக்கு" என்பது பழைய கேள்வி. கிளிநொச்சி நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, ஏ9 வீதியோரம் இருக்கிற அறிவியல் நகரில் அந்தப் பீடம் 2014இல் தொடங்கியது. அதே அறிவியல் நகரில்தான் 2016 முதல் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகமும் இயங்குகிறது. ஒரு பக்கம் எஞ்சினியர் படிப்பவர்கள், கூப்பிடு தூரத்தில் வெல்டிங்கும் வாகனத் திருத்தமும் மின்வேலையும் படிக்கிற டெக்னீஷியன்கள். கொழும்பில் இந்த இரண்டு கூட்டமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே முதல் வேலைக்குப் போன பிறகுதான்.

அப்புறம் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள். மன்னாரில் தம்பபவனி காற்றாலை 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது, 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாட். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. உயர் அழுத்தப் பம்பு, சவ்வு, துருப்பிடிக்காத குழாய், ஒவ்வொன்றையும் பராமரிக்க ஆள் வேண்டும், அந்த ஆள் கொழும்பிலிருந்து சனி ஞாயிறு வந்துபோகிறவராக இருந்தால் சரிவராது. உங்கள் மகன் இதையெல்லாம் படத்தில் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்க்கலாம். யாழ் பல்கலைக்கழகத்துக்கும் மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்துக்கும் சூரிய சக்தி ஆராய்ச்சியில் கூட்டுவேலை இருக்கிறது, அந்தத் துறையில் ஆர்வம் இருந்தால் முதலாம் வருடத்திலேயே விசாரித்து வைக்கட்டும்.

குறை இல்லாமல் இல்லை. புதிய பீடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வருத்தம்தான்: அனுபவமுள்ள மூத்த விரிவுரையாளர்கள் போதாது, பி.எச்.டி. செய்யப் போன இளையவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை. ருகுணுப் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிற ஹப்புகல, தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பீடம் இருக்கிற ஒலுவில் என்று எங்கே போனாலும் இதே கதையைக் கேட்கலாம்.

பிரைவேட் டிகிரி எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசைக் கட்டுவதற்கு முன் ஒன்றை எழுத்தில் கேளுங்கள்: அந்த வெளிநாட்டுப் பட்டத்துக்கு அந்த நாட்டில் பொறியியல் அங்கீகாரம் இருக்கிறதா, இருந்தால் அதே பட்டம் கொழும்பில் நடத்தப்படும்போதும் அந்த அங்கீகாரம் பொருந்துமா? "எல்லாம் ஓகே ஆன்ட்டி" என்று கவுண்டரில் இருக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டு சொல்வது பதில் ஆகாது. வெயிலும் ஹொஸ்டல் சாப்பாடும் ஒரு செமஸ்டரில் பழகிவிடும்.

கேள்வி: நான் பேராதனையில் படித்து ஓய்வுபெற்ற எஞ்சினியர். பேப்பரைத் திறந்தால் வாரம் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை. இரண்டு துணைவேந்தர்கள் கைகுலுக்கும் படம், நடுவில் பூச்சாடி. பிராந்தியங்களில் தொழில்திறன் பற்றாக்குறையைத் தீர்க்கப் பல்கலைக்கழகங்கள் கைகோர்க்கின்றன என்று கீழே செய்தி. இதனால் ஒரு ஆணியாவது அசைந்திருக்கிறதா?
– ஒரு வாசகர், தெஹிவளை

ஐயா, பூச்சாடியை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கைகோர்ப்பதால் ஒன்றும் நடக்காது என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நடந்த இடங்களை நீங்களே அறிவீர்கள். தெஹிவளையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் கட்டுபெத்த. 1960இல் அங்கே கனடாவின் உதவியோடு பிரயோகத் தொழில்நுட்ப நிறுவகம் என்று தொடங்கப்பட்டது எஞ்சினியர் பட்டம் கொடுக்கிற இடம் அல்ல, நடுத்தரத் தொழில்நுட்ப ஆட்களைப் பயிற்றுகிற இடம். 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது, 1972இல் வளாகம், 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இன்று பிள்ளைகள் இரவிரவாகத் தவம் கிடக்கிற மொறட்டுவை, டெக்னீஷியன் பள்ளிக்கூடமாகப் பிறந்தது என்பதை டியூஷன் வகுப்புகளில் யாரும் சொல்வதில்லை.

இந்தியாவையும் பாருங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யோடு 1962 முதல் 1972 வரை ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒரு கூட்டாகச் சேர்ந்து வேலை செய்தன. அங்கிருந்து பேராசிரியர்கள் வந்து தங்கிப் படிப்பித்தார்கள். 1963இலேயே ஐ.பி.எம். 1620 கணினி ஒன்று கான்பூருக்கு வந்து இறங்கியது, அதை இயக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஆட்களும் கூடவே இருந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜேர்மனியின் துணையோடு எழுந்தது, இயந்திரம் வந்தது, ஜேர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள், இங்கிருந்து ஆசிரியர்கள் ஜேர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். தென்கிழக்காசியாவில் ஜப்பானின் உதவியோடு 2001இல் தொடங்கிய சீட் நெற் வலையமைப்பு இன்னொரு விதம். ஆசியான் நாடுகளின் பொறியியல் பீடங்கள் அதில் உறுப்பினர், இளம் விரிவுரையாளர் பக்கத்து நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பி.எச்.டி.க்குப் பதிவார், ஜப்பானியப் பேராசிரியர் ஒருவர் துணை மேற்பார்வையாளர், இடையில் சில மாதம் ஜப்பானில் ஆய்வு, முடித்ததும் தன் ஊர்ப் பீடத்துக்கே திரும்பிப் படிப்பிப்பார். செலவும் குறைவு, ஆளும் அந்த வட்டாரத்தை விட்டுப் போவதில்லை.

இந்த மூன்றிலும் இருப்பது என்ன? ஆள் வந்தார், தங்கினார், கூடவே கருவி வந்தது, வருடக்கணக்கில் காசு ஒதுக்கப்பட்டது. நம்முடைய பூச்சாடி உடன்படிக்கைகளில் பெரும்பாலும் இல்லாதது இந்த நான்கும்தான். அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தால், யார் வருகிறார், எத்தனை மாதம் இருக்கிறார், எந்த ஆய்வுகூடம், யார் காசு என்று செய்தியில் தேடிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம்.

வெளிநாட்டுக்கே போகவேண்டும் என்றும் இல்லை. பேராதனையும் மொறட்டுவையும் கிளிநொச்சிக்கும் ஒலுவிலுக்கும் செய்யக்கூடியது நிறைய. 2020இல் கொரோனா நேரம் நமது பல்கலைக்கழகங்களை இணைக்கிற லேர்ன் வலையமைப்பு வழியாகத்தான் விரிவுரைகள் வீட்டுக்கு வீடு போயின, ஆகவே ஒரு மூத்த பேராசிரியரின் கட்டமைப்பியல் விரிவுரையை நான்கு பீடங்கள் ஒரே நேரத்தில் கேட்பது இன்று பெரிய வித்தை இல்லை. ஆய்வுகூடத்தைத்தான் ஸூமில் அனுப்ப முடியாது. அதற்கு ஆள் போகவேண்டும், போகிறவருக்கு அந்த ஒரு வருடம் பதவி உயர்வில் கணக்கில் வரவேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பேராசிரியர் கண்டியின் குளிரை விட்டு வன்னி வெயிலுக்குப் போவார்?

உங்களுக்குப் பேராசிரியர் அழகையா துரைராஜாவைத் தெரியாமல் இருக்காது. கேம்பிரிட்ஜில் மண்ணியக்கவியலில் ஆய்வு செய்து, 1963இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து எழுதிய கட்டுரையை உலகம் முழுக்க அந்தத் துறைக்காரர் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அவர் திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்தார், பீடாதிபதியாக இருந்தார், 1988இல் யாழ்ப்பாணத்துக்குத் துணைவேந்தராகப் போனார், அதுவும் எந்தக் காலத்தில்! அவர் துணைவேந்தராக இருந்த யாழ்ப்பாணத்தில் அப்போது பொறியியல் பீடமே இல்லை. 1994இல் அவர் மறைந்து இருபது வருடம் கழித்துத்தான் அது வந்தது.

கேள்வி: ஒரு நாட்டில் அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கிற வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததால்தானே நம்முடைய எஞ்சினியர்கள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் ஓடுகிறார்கள்?
– கொட்டாஞ்சேனை வாசகர்

இல்லை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் அதில் முழு உறுப்பினரானது 2014இல். அதற்கு முன்பும் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள். 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து போனார்கள், அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாஷிங்டன் எந்தத் திசையில் என்பதே தேவைப்படவில்லை. கதவைப் பூட்டினால் வீட்டில் இருப்பார்கள் என்று நினைப்பவர்கள் சம்பளப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும். அந்த அங்கீகாரம் இல்லாவிட்டால் நல்ல பிள்ளைகள் பட்டத்துக்கே வெளியே போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: எனக்கு வத்தளையில் அலுவலகம், கட்டட வேலைகள் மன்னார், வவுனியா பக்கம். கொழும்பில் இருந்து கூட்டிப்போகிற எஞ்சினியர் ஆறு மாதத்தில் "அண்ணா, விசா வந்திட்டுது" என்கிறார். ஃபோர்மனும் நல்ல டெக்னீஷியனும் விளம்பரம் போட்டாலும் இல்லை. பல்கலைக்கழகங்கள் வருடா வருடம் ஆயிரக்கணக்கில் ஆட்களை வெளியே விடுகின்றனவே, எங்கே போகிறார்கள்? எங்களைப் போன்றவர்களுக்கு அவர்கள் ஏதாவது செய்வார்களா?
– ஒப்பந்தகாரர், வத்தளை

செய்வார்கள், ஆனால் முதல் அடி நீங்கள் வைக்கவேண்டும். உங்கள் கடிதத்தின் இரண்டாவது பாதி எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பற்றாக்குறை என்று பேசும்போது எல்லாரும் எஞ்சினியரை மட்டும் எண்ணுகிறார்கள். மன்னாரில் ஒரு தளத்தை ஓட்டுவதற்கு ஒரு எஞ்சினியருக்குக் கீழே நில அளவை தெரிந்தவர், கம்பி கட்டுகிறவரின் வேலையைச் சரிபார்க்கத் தெரிந்தவர், மின்வேலைக்காரர், இயந்திரம் திருத்துகிறவர் என்று ஒரு படையே வேண்டும், அந்தப் படைதான் இல்லை.

சின்ன உதாரணம் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், மற்ற வாசகருக்காக. கொங்கிறீற் போடும் அன்று 150 மில்லிமீற்றர் அளவுள்ள இரும்பு அச்சுகளில் கொஞ்சத்தை நிரப்பி, குத்தி இறுக்கி, அடுத்த நாள் கழற்றித் தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் எடுத்து நசுக்கிப் பார்த்தால்தான் தூண் தாங்குமா என்று தெரியும். இதில் அச்சை நிரப்புகிற ஆளுக்குப் பயிற்சி இல்லாவிட்டால் உள்ளே காற்றுக்குழி விழும், நல்ல கொங்கிறீற்றும் பெயிலாகும். பிறகு அந்தக் கட்டிகளை லொறியில் ஏற்றி ஏ9இல் தூரத்துக்கு அனுப்பி, ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்து, அதற்குள் மேல்தட்டு எழும்பிவிட்டால் யார் இடிப்பது? இப்படியான சோதனைகளைக் கிளிநொச்சிப் பீடத்தின் ஆய்வுகூடத்திலேயே காசுக்குச் செய்து தரமுடியுமா என்று எழுதிக் கேளுங்கள். செய்தால் உங்களுக்கு நேரம் மிச்சம், அவர்களுக்கு வருமானம், பிள்ளைகளுக்கு நிஜத் தளத்துக் கட்டியைத் தொட்டுப் பார்க்கிற வாய்ப்பு. எந்தத் துணைவேந்தரும் கைகுலுக்கத் தேவையில்லை.

ஆள் நிற்பதில்லை என்ற விஷயத்துக்கு வருவோம். அவுஸ்திரேலியாவில் உள்நாட்டுப் பகுதிகளுக்கு எஞ்சினியர் கிடைக்காத கஷ்டம் அவர்களுக்கும் உண்டு. பாதர்ஸ்ட் என்ற ஊரில் சார்ள்ஸ் ஸ்ரர்ட் பல்கலைக்கழகம் 2016இல் ஒரு பொறியியல் படிப்பைத் தொடங்கியது: ஒன்றரை வருடம் வளாகத்தில், பிறகு நான்கு வருடம் சம்பளத்தோடு நிறுவனங்களில் பயிற்சிப் பணி, பாடங்களும் கூடவே ஓடும். ஜேர்மனியில் பாடன் வூர்ட்டெம்பேர்க் மாநிலத்தின் இரட்டைமுறைப் பல்கலைக்கழகத்தில் மாணவர் முதலில் ஒரு கம்பனியோடு ஒப்பந்தம் செய்துதான் வகுப்புக்கே வருவார், சுமார் மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் வேலை என்று மாறி மாறிப் போகும், மூன்று வருடமும் சம்பளம் உண்டு. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில் ஒரு ஊரில் சம்பளம் எடுத்து, கூட்டாளி பிடித்து, கிரிக்கெட் டீமில் சேர்ந்துவிட்ட பிள்ளை அங்கேயே நிற்பதற்குக் காரணம் தேடமாட்டான். படிப்பு முழுவதையும் ஒரு இடத்தில் முடித்துவிட்டு "இப்போது மன்னாருக்குப் போ" என்றால் போகமாட்டான்.

இங்கே அந்த அளவுக்கு இல்லை, ஆனால் பட்டப்படிப்பில் தொழிற்பயிற்சிக் காலம் கட்டாயம், அதை நைற்றா என்கிற அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபை ஒழுங்குபடுத்துகிறது. பெரும்பாலான மாணவர்கள் அந்த மாதங்களைக் கொழும்பிலேயே கழிக்கிறார்கள், காரணம் பயிற்சி கொடுக்கிற பெரிய கம்பனிகள் கொழும்பில். உங்கள் மன்னார் தளத்தை ஒரு பயிற்சி இடமாகப் பதிவு செய்யுங்கள், தங்க ஒரு அறையும் சாப்பாடும் கொடுங்கள், மேற்பார்வைக்கு ஒரு மூத்தவரைப் போடுங்கள். முடிந்தால் மன்னார், முல்லைத்தீவுப் பிள்ளைகளையே கேட்டு எடுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த வழியில் உள்ளே போகிற பிள்ளைகளைப் பற்றி "புள்ளி குறைவு" என்று மூக்கைச் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வருவதற்கு அதிக சாத்தியம் உள்ளவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. கொழும்புச் சம்பளத்தை விட மன்னார்ச் சம்பளம் குறைவாக இருந்தால் மேலே எழுதிய எல்லாவற்றையும் கிழித்துப் போடலாம்.

கேள்வி: கணிதப் பிரிவில் எஸ் மூன்று. பொறியியல் பீடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. மட்டக்குளியில் எச்.என்.டி.ஈ. என்கிற பொறியியல் உயர் தேசிய டிப்ளோமா செய்யலாமா, அல்லது மூன்றாவது முறையும் பரீட்சை எழுதலாமா? வீட்டில் "டிப்ளோமாக்காரன்" என்றால் மதிப்பில்லை என்கிறார்கள். ஊர் ஹட்டன், இப்போது கொழும்பில் மாமா வீட்டில் இருக்கிறேன்.
– மாணவன், மோதரை

தம்பி, மட்டக்குளியில் விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதீர்கள். மூன்றாவது முறை எழுதுவது என்பது ஒரு வருடத்தைப் பந்தயம் கட்டுவது, எஸ் மூன்றை ஏ மூன்றாக்க என்ன மாறப்போகிறது என்று உங்களுக்கே நேர்மையாகப் பதில் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

மதிப்பு பற்றி. மேலே வத்தளை ஒப்பந்தகாரர் தேடுகிற ஆள் நீங்கள்தான், அதை வெட்டி வீட்டில் காட்டுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளைப் பாருங்கள், றோலரும் ட்றையரும் பழசு, அவற்றின் சத்தத்தைக் கேட்டே எந்த பெயரிங் போகப்போகிறது என்று சொல்லுகிற மனிதர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை. மலையகத்தில் திறன் பற்றாக்குறை என்று மாநாட்டில் பேசுவது இதைத்தான்.

வழியும் அடைபட்டது இல்லை. என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டம் உள்ளது, ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். ரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே யூனிவோடெக் என்ற பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, என்.வி.கியூ. ஐந்து, ஆறு முடித்தவர்கள் அங்கே பட்டத்துக்குப் போகலாம். என்னுடைய கோபம் வேறு இடத்தில்: டிப்ளோமாவில் பாஸ் பண்ணிய பாடத்தையே பொறியியல் பீடத்தில் சேர்ந்தால் மறுபடி முதலிலிருந்து படி என்கிறார்கள். பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று கூட்டு வைக்கிறோம் என்று சொல்வதற்கு முன் பக்கத்துத் தெருத் தொழில்நுட்ப நிறுவகத்தின் சான்றிதழை ஒருமுறை திறந்து வாசித்து, எந்தப் பாடத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டால் போதும். காசும் தேவையில்லை, நோர்வேயும் தேவையில்லை.

கேள்வி: தமிழ் மீடியத்தில் உயர்தரம் செய்தேன். பொறியியல் பீடம் கிடைத்திருக்கிறது, எல்லாம் ஆங்கிலத்தில் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.
– மாணவி, கொழும்பு 13

முதல் செமஸ்டர் கஷ்டம்தான் தங்கச்சி, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பிரச்சினை ஆங்கில இலக்கணம் இல்லை, தெரிந்த கணக்கை ஆங்கிலத்தில் அடையாளம் காண்பது. உயர்தர இணைந்த கணிதம், பௌதிகவியல் பழைய வினாத்தாள்கள் மூன்று மொழியிலும் கிடைக்கின்றன. நீங்கள் ஏற்கனவே செய்து முடித்த வருடங்களின் ஆங்கிலத் தாளை எடுங்கள், தமிழ்த் தாளைப் பக்கத்தில் வையுங்கள், ஒரு நாளைக்கு நான்கைந்து கேள்வி வாசியுங்கள். விடை தெரிந்த கேள்வி என்பதால் சொல் தானாக ஒட்டிக்கொள்ளும். கம்பஸ் தொடங்க இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது, அதற்குள் பத்து வருடத் தாளை முடித்துவிடலாம். புத்தகக் கடையில் வாங்கக் காசு போதாது என்றால் மேல்வகுப்பு அக்காமாரிடம் கேளுங்கள், யாராவது ஒருத்தியின் கட்டிலுக்குக் கீழே கட்டாயம் இருக்கும்.